காதும் காதும் வைத்தாற்போல்

காலணியைக் கழற்றுங்கள், குபேந்திரன்.
தட்டின் மேல் இருக்கும் நுரைமெத்தையில் ஏறுங்கள்.
பாதங்கள் சேரட்டும், கைகள் மார்பில் குறுக்காக.
நீங்கள் கண்ணை மூடியதும்
தட்டே நேரம் பார்க்கத் தொடங்கும்.

முதல்முறை நான்கு நொடி.
சினெத்தெம்பா பின்னால் நின்று பிடித்திராவிட்டால்
அலமாரிக் கண்ணாடியோடு போயிருப்பார்.
அடுத்த மாதம் பதினொன்று.
முப்பது நின்றால் தேறியதாகக் கணக்கு.

டர்பன் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டிலிருந்து
கப்பல் பெட்டிகளை எடுத்துவைப்பவர், பத்தொன்பது வருடமாய்.
ஒரு செவ்வாய் இரவு
பெட்டி அசையாமல் தொங்கியது,
துறைமுகம் சுற்றியது.
ஏணியில் அவரை இறக்க மூன்று பேர்.
கீழே நின்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பது
என் படிவத்தில் ஒரு கேள்வி:
குடித்திருப்பதாகப் பிறர் நினைப்பார்களோ என்று கூசுகிறீர்களா?
ஆம், சில வேளை, இல்லை.
அவர் எதையும் வட்டமிடவில்லை.
"குடிக்கிறவனா இருந்தா
ஒரு காரணமாவது இருந்திருக்கும்" என்றார்.

இடச் செவிக்குள் ஏதோ ஒரு கிருமி.
கேட்பதெல்லாம் கேட்கிறது,
மனைவி சமையலறையில் முணுமுணுப்பதுகூட.
போனது வேறு.
புளியங்கொட்டையளவு எலும்புக்குள்
மூன்று வளையம், கொஞ்சம் நீர்.
தலை எப்பக்கம் திரும்பினாலும்
வலதும் இடதும் தமக்குள் பேசி முடித்துவிடும்,
காதும் காதும் வைத்தாற்போல்.
நமக்கே தெரியாமல்தான் நாம் நிற்கிறோம்.
ஒன்று வாயடைத்துப் போனால்
மற்றது சொல்வது பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது.

என் மூக்கையே பாருங்கள் என்று சொல்லி
தலையைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினேன்.
கண் நழுவியது,
பிறகு ஓடிவந்து மூக்கைப் பிடித்தது.
இன்னும் அப்படித்தான்.
ஒளிக்கத் தெரியாது கண்ணுக்கு.

வீட்டில் செய்யச் சொன்னது:
தெருவில் நடக்கையில் அடிக்கொருமுறை
தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும்.
செய்கிறாராம்.
'இல்லை இல்லை' மாமா என்று
பெயர் வைத்துவிட்டார்களாம் பிள்ளைகள்.

இன்று ஐந்தாம் முறை.
தமிழில் அவருக்குப் பத்துவரைதான் எண்ணத் தெரியும்.
சாட்ஸ்வர்த் சந்துகளில்
கண்ணைப் பொத்தி ஒளிந்து விளையாடிக் கற்றது.
மிச்சமெல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் சூலு.
கண்ணை மூடினால் மட்டும் தமிழ் வருகிறது.
ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஏழில் கரண்டு போனது.
இரண்டு மணிக்கு வெட்டு என்றது அட்டவணை;
மணி ஒன்று ஐம்பது.
சன்னல் இல்லாத அறை. தட்டின் திரையும் செத்தது.
நான் மேசையைத் துழாவிப் பிடித்துக்கொண்டேன்.
சினெத்தெம்பாவின் கைகள்
அவர் முதுகருகே இருக்கும் என்று நம்பினேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
ஒண்ணு.
இருட்டில் குரல் மட்டும்,
அதே உயரத்தில், அதே இடத்தில்.
சாய்கிற குரல் எனக்குத் தெரியும்.
இரண்டாம் பத்து.
மூன்றாவதில் ஆறு கொஞ்சம் இழுத்தது,
ஏழு திரும்பி வந்தது.
பத்து என்றபோது ஜெனரேட்டர் இருமி
விளக்கு வந்தது.

கண் திறந்தார். "எவ்வளவு?"
கரண்டு போனதே அவருக்குத் தெரியாது.

திரையில்: தரவு இல்லை, மீண்டும் முயலவும்.
முயன்றோம்.
நடந்ததைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ,
பதினேழில் கால் விலகியது.

பதினேழு என்று எழுதினேன்.
கூண்டில் ஏறலாம் என்ற தாளுக்காக
துறைமுகம் காத்திருக்கிறது, வங்கியும்.
தரவில்லை.
"இருட்டுல நின்னேனே."
நின்றீர்கள்.
"அதை எழுதலாமே."
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முப்பது, என் காதால் கேட்டது.
செல்லாது என்று இருவருக்கும் தெரியும்.

படிக்கட்டில் இறங்கினார்.
கைப்பிடிக்கு ஒரு விரற்கடை மேலே
அவர் கை,
தொடாமல், விலகாமல்
கூடவே போய்க்கொண்டிருந்தது.